ஏழாம் அத்தியாயம்: எட்டாம் பாகையின் வானம்

செயற்கைக் கோள்களின் வழியாக அமெச்சூர் வானொலி அன்பர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதைக் குறித்து இதுவரை வெளிவந்துள்ள கைநூல்களில் மிகப் பெரும்பாலானவை, ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வாழ்கிறவர்கள் தங்கள் தலைக்குமேல் உள்ள வானத்தை மனத்திற்கொண்டு எழுதியவை. அவற்றைப் படித்துத் தேர்ந்த ஓர் இளைஞர், நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் பூவாற்றுக் கடற்கரைக்குச் சற்று வடக்கே உள்ள காஞ்சிரங்குளத்தில், தம் வீட்டு மொட்டைமாடியில் ஆண்டெனாவும் கையுமாக நிற்கும்போது, நூலில் கண்ட வானம் வேறு, தமக்கு வாய்த்த வானம் வேறு என்பதை முதல் வாரத்திலேயே உணர்ந்துவிடுவார். துருவங்களின்மேல் ஓடும் கோள்கள் லண்டன் நகரத்தாருக்கு ஒரு நாளில் எத்தனை முறை எட்டுகின்றனவோ அத்தனை முறை நமக்கு எட்டுவதில்லை. அதற்கு ஈடாக, அவர்கள் ஆயுள் முழுதும் காத்திருந்தாலும் ஒரு சொல்லும் கேட்க முடியாத ஒரு கோள், ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணிக்கு ஒருமுறை நம் தென்வானத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகையால், இந்தக் கலையைப் பயில விரும்புகிற நம் பக்கத்து அன்பர்கள், தம் ஊர் எந்த அட்சரேகையில் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குவதே முறை என்பது என் திடமான அபிப்பிராயம்; இந்த அத்தியாயமும் அந்த வரிசையிலேயே செல்லும்.

காஞ்சிரங்குளம் ஏறக்குறைய வடக்கு அட்சரேகை 8 பாகை 22 கலையிலும் கிழக்குத் தீர்க்கரேகை 77 பாகை 3 கலையிலும் அமைந்த ஊர். ஹாம் என்று அழைக்கப்படும் அமெச்சூர் வானொலி அன்பர்கள் தாம் இருக்கும் இடத்தைச் சுருக்கமாகச் சொல்லிக்கொள்வதற்காகப் பூமியின் பரப்பை இரண்டு பாகை நீளமும் ஒரு பாகை அகலமும் கொண்ட கட்டங்களாகப் பகுத்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கின்படி நாம் இருப்பது எம்.ஜே.88 என்னும் கட்டம். கொல்லமும் திருவனந்தபுரமும் நெய்யாற்றின்கரையும் பாறசாலையும், எல்லைக்கு அப்பால் களியக்காவிளையும் நாகர்கோவிலும் கன்னியாகுமரியும், ஏன், திருநெல்வேலியும்கூட இந்த ஒரே கட்டத்துக்குள் அடங்கியவை. 1956 நவம்பர் முதல் தேதி தென் திருவிதாங்கூரின் நான்கு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபோது நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. வீட்டில் ஒரு மொழியும் கடைத்தெருவில் ஒரு மொழியுமாகப் பேசிப் பழகிய நம் எல்லைப்புறக் கிராமத்தார்க்கு, இரு பக்கத்தாரும் ஒரே அடையாளத்தைச் சொல்லிக்கொள்கிற இந்த ஏற்பாடு மனத்துக்கு இசைந்ததாகவே இருக்கும்.

இந்த முயற்சியின் பூர்வ சரித்திரத்தைச் சிறிது அறிந்துகொள்வது நலம். முதல் ஸ்புட்னிக் வானேறி நான்கே ஆண்டுகள் கழிந்த சமயத்தில், 1961 டிசம்பர் 12-ஆம் தேதி, கலிபோர்னியாவில் சில அமெச்சூர் அன்பர்கள் சேர்ந்து செய்த ஆஸ்கார்-1 என்னும் சிறு பெட்டி, வேறொரு பெரிய கோளோடு சவாரி செய்து வானத்தை அடைந்தது. ஏறத்தாழ நாலரைக் கிலோ எடையும் ஒரு வாட்டில் ஏழில் ஒரு பங்கு சக்தியுமே கொண்ட அந்தப் பெட்டி, மோர்ஸ் சங்கேதத்தில் 'ஹாய்' என்ற ஒரே சொல்லை ஏறத்தாழ மூன்று வாரம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் வெப்பம் மாற மாற அந்தச் சொல்லின் வேகமும் மாறும்படி அமைத்திருந்ததால், பூமியில் அதைக் கேட்டவர்கள் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணியே அந்தப் பெட்டியின் வெப்பநிலையைக் கணித்தார்கள். அதற்குப் பின் இரண்டாண்டு கழித்து, 1963 நவம்பர் 21 அன்று, காஞ்சிரங்குளத்திலிருந்து நேர்கோட்டில் முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் தும்பாக் கடற்கரையிலிருந்து நம் நாட்டு மண்ணின் முதல் ஆராய்ச்சி ராக்கெட் கிளம்பியது.

அன்று விதைத்தது 2005-ஆம் ஆண்டில் ஹாம் அன்பர்களுக்கென்றே ஒரு கனியைத் தந்தது. அவ்வாண்டு மே மாதம் 5-ஆம் தேதி, ஸ்ரீஹரிகோட்டாவில் புதிதாக எழுப்பப்பட்ட இரண்டாம் ஏவுதளத்திலிருந்து முதன்முறையாகப் புறப்பட்ட பி.எஸ்.எல்.வி.-சி6 ராக்கெட், கார்ட்டோசாட்-1 என்னும் பெரிய கோளோடு, நாற்பத்திரண்டரைக் கிலோ எடையுள்ள ஹாம்சாட் என்னும் சிறு கோளையும் சுமந்து சென்றது. அந்த ராக்கெட் திருவனந்தபுரத்து விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் உருவானது என்பதையும் நம் ஊரார் நினைவிற்கொள்ளலாம். ஹாம்சாட்டுக்குள் இரண்டு அஞ்சல் சாதனங்கள் இருந்தன: ஒன்று நம் நாட்டு அன்பர்களும் இஸ்ரோவும் சேர்ந்து செய்தது, மற்றொன்று நெதர்லாந்தில் படித்துக்கொண்டிருந்த ஒரு பொறியியல் மாணவர் செய்தது. 435.225 முதல் 435.275 மெகாஹெர்ட்ஸ் வரை பூமியிலிருந்து பேசினால், 145.875 முதல் 145.925 வரை அது திரும்ப ஒலிக்கும். இரண்டாண்டு உழைத்தால் போதும் என்று எண்ணி அனுப்பிய அந்தக் கோள், ஒரு வாட் சக்தியை வைத்துக்கொண்டு ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் உலகத்தார் அனைவருக்கும் இலவசமாகத் தொண்டு செய்து, 2014 ஜூலையில் மின்கலம் பழுதுபட்ட பிறகே ஓய்ந்தது. அது மௌனமான பின் நம் நாட்டின் பெயரால் அதே தரத்தில் வேறொன்று உடனே வராதது எனக்கு இன்றளவும் மனக்குறையே. ஆயினும், தக்கலைக்கு அருகே குமாரகோவிலில் உள்ள நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகத்தார் செய்த 15 கிலோ எடையுள்ள நியூசாட் 2017 ஜூன் 23-இலும், திருவனந்தபுரம் பூஜப்புரையில் உள்ள எல்.பி.எஸ். மகளிர் பொறியியல் கல்லூரி மாணவிகள் புற ஊதாக் கதிர்களை அளப்பதற்கென்று செய்த வீசாட் 2024 ஜனவரி முதல் தேதியிலும் வானேறியதைப் பார்க்கும்போது, இந்தப் பிரதேசத்துப் பிள்ளைகளுக்கு விண்வெளி அன்னியமான இடம் அன்று என்று தெம்பு பிறக்கிறது.

தென்வானத்து நண்பன்

இனிக் காரியத்துக்கு வருவோம். நம் பக்கத்து அன்பர் முதன்முதலில் நாடவேண்டிய கோள் ஐ.ஓ.-86. இந்தோனேசியாவின் அன்றைய விண்வெளி நிறுவனமாகிய லாப்பான், அந்நாட்டு ஹாம் சங்கமாகிய ஒராரிக்கும் இடமளித்துச் செய்த இந்தக் கோளை, 2015 செப்டம்பர் 28-ஆம் தேதி ஆஸ்ட்ரோசாட்டோடு சேர்த்து விண்ணில் விட்டதும் நம் பி.எஸ்.எல்.வி.-யே. பூமத்திய ரேகையிலிருந்து வடக்கே ஆறு பாகை, தெற்கே ஆறு பாகை என்ற எல்லைக்குள்ளேயே, ஏறத்தாழ 650 கிலோமீட்டர் உயரத்தில் அது சுற்றுகிறது. அத்தனை உயரத்திலிருந்து அதன் குரல் எட்டும் வட்டத்தின் ஆரம் 2,750 கிலோமீட்டர் அளவே. ஆகவே ஐரோப்பாவுக்கு அது எட்டாப் பொருள். நமக்கோ, அது ஒரு சுற்றையும் தவறவிடாமல் வருகிற விருந்தாளி. அது பூமியை ஒருமுறை சுற்றுவதற்குத் தொண்ணூற்றெட்டு நிமிஷம் ஆகிறது. அதற்குள் பூமியும் கிழக்கே நகர்ந்துவிடுவதால் மீண்டும் நம்மை அடைய நூற்றைந்து நிமிஷம் பிடிக்கிறது. இப்படி ஒரு நாளில் பதின்மூன்று பதினான்கு முறை, ஒவ்வொரு முறையும் பதினான்கு நிமிஷம் வரை அது நம் தொடுவானத்துக்கு மேலே நிற்கிறது.

இதில் கவனிக்கத்தக்க ஒரு விசேஷம் உண்டு. காஞ்சிரங்குளம் ஆறாம் பாகைக்கு வடக்கே இருப்பதால், இந்தக் கோள் ஒருபோதும் நம் உச்சிக்கு நேரே வருவதில்லை. எப்போதும் மேற்கே எழுந்து, தெற்கு வழியாகவே சென்று, கிழக்கே மறையும். தெற்கே செல்லும்போது அதன் ஏற்றக்கோணம் ஒரு சுற்றில் பதினான்கு பாகையளவாகத் தாழ்ந்தும், மற்றொரு சுற்றில் அறுபத்தாறு பாகையளவாக உயர்ந்தும் இருக்கும். ஆகவே மொட்டைமாடியின் தென் விளிம்பே உங்கள் ஸ்தானம். வீட்டுக்குத் தெற்கே தென்னந்தோப்பு இருந்தால் சற்றுத் தள்ளி வேறிடம் பாருங்கள்; மழைநீர் சொட்டும் தென்னோலை 435 மெகாஹெர்ட்ஸ் அலையை எவ்வளவு விழுங்கிவிடும் என்பதை, மழை நின்ற மறு நிமிஷத்தில் ஒரு தடவையும், வெயில் காய்ந்த பின் ஒரு தடவையும் ஒரே திசையில் கேட்டுப் பார்த்தாலே அறியலாம். மேற்குத் திசையில் கடல் இருப்பதால் தொடுவானம் வரை தடையில்லை. வடகிழக்கே அகத்தியர்கூடம் நிமிர்ந்து நின்றாலும், இங்கிருந்து பார்க்க அது மறைப்பது மூன்று பாகைகூட இல்லை; அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

கோள் மேற்கே எழுகிற முதல் சில நிமிஷங்களில் அதன் வட்டத்துக்குள் அடங்குவது பெரும்பாலும் அரபிக்கடலும் ஆப்பிரிக்கக் கரையும் மாலத்தீவுமே, பேசுவோர் சொற்பம். அது நம் தீர்க்கரேகையைக் கடந்து கிழக்கே சாயத் தொடங்கும்போதுதான் மலேசியாவும், பின்பு ஜாவாவும் அதன் வட்டத்துக்குள் நுழைகின்றன. அப்போது ஒரே நேரத்தில் பலரும் பேச முற்படுவார்கள். புதிதாகப் பழகுகிறவர் முதல் பாதியில் தம் குரலை அனுப்பிச் சோதித்துக்கொண்டு, இரண்டாம் பாதியில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது உத்தமம். இந்தக் கோளின் குரல் அஞ்சல் எந்நேரமும் திறந்திருப்பதில்லை; அதை இயக்குகிறவர்கள் வகுக்கும் அட்டவணைப்படியே திறந்து மூடப்படும். அட்டவணையை முன்கூட்டியே பார்த்துவிட்டு மாடி ஏறுங்கள்.

கேட்பதற்குரிய சாதனங்கள்

பேசுவதற்கு முன் கேட்கப் பழகவேண்டும். இதை நான் வெறும் மரியாதைக்காகச் சொல்லவில்லை; செயற்கைக் கோளின் வழியாக நடைபெறும் உரையாடலில் தோல்வியுறுகிறவர்களில் மிகப் பலர், அனுப்பும் சக்தி போதாமையால் அன்றி, திரும்பி வரும் மெல்லிய ஒலியைக் கேட்கத் தெரியாமையாலேயே தோற்கிறார்கள். கோள் தொடுவானத்தில் இருக்கும்போது நமக்கும் அதற்கும் இடையே 2,900 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. உயர்ந்த சுற்றில் தெற்கே நெருங்கும்போது அதுவே 700 கிலோமீட்டராகக் குறைகிறது. நம்மை வந்தடையும் சக்தியில் இவ்விரண்டு நிலைகளுக்கும் பதினேழு மடங்கு வித்தியாசம் உண்டு. ஐந்து வாட் வாக்கிடாக்கி ஒன்று அனுப்புவதற்குத் தாராளமாகப் போதும். கேட்பதற்குத்தான் நல்ல ஆண்டெனா தேவை.

அந்த ஆண்டெனாவை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். உலர்ந்த மூங்கிலோ பி.வி.சி. குழாயோ முதுகெலும்பாக இருக்க, அதில் 145 மெகாஹெர்ட்ஸுக்கு மூன்று குச்சிகளும், அவற்றுக்குக் குறுக்காக 435 மெகாஹெர்ட்ஸுக்கு ஐந்தாறு குச்சிகளும் பொருத்தினால் கையில் பிடிக்கத்தக்க யாகி ஆண்டெனா தயாராகிவிடும். கேபிள் இணைகிற குச்சியின் நீளம் முன்னதற்குச் சுமார் 98 சென்டிமீட்டர், பின்னதற்குச் சுமார் 33 சென்டிமீட்டர். மற்றக் குச்சிகளின் அளவையும் இடைவெளியையும் ஐந்தாம் அத்தியாயத்தில் கொடுத்திருக்கிறேன். அலுமினியக் கம்பி கிடைக்காவிட்டால், தச்சர் உபயோகிக்கும் எஃகு அளவுநாடாவை வெட்டியும் செய்யலாம். முனைகளில் ரப்பர் மூடி போட மறக்கவேண்டாம், இருட்டில் பக்கத்தில் நிற்பவர் கண்ணைக் காக்க வேண்டும். கேபிளின் நீளத்தில் கருமித்தனம் காட்டுவது இங்கே ஒரு குணமாகும். ஆர்.ஜி.-58 என்னும் மெல்லிய கோஆக்ஸியல் கேபிளைப் பத்து மீட்டர் இழுத்தால், 435 மெகாஹெர்ட்ஸில் வந்த ஒலியில் பாதிக்கும் மேலே வழியிலேயே கரைந்துபோகிறது. ஒன்றரை மீட்டருக்குள் நிறுத்திக்கொண்டால் அந்த நஷ்டம் இல்லை. பூவாற்றுக் காற்றில் உப்பு மிகுதி. மாடியில் நிரந்தரமாக நிறுத்திய ஆண்டெனாவின் இணைப்பு முனைகளில் ஓராண்டுக்குள் பச்சைக் களிம்பு ஏறிவிடுமாதலால், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவைச் சுற்றி, அதன்மேல் சாதாரண இன்சுலேஷன் டேப்பையும் சுற்றுங்கள்.

ஒலி மங்கும்போது ஆண்டெனாவின் திசையை உடனே மாற்றிவிடாமல், அதே திசையில் வைத்துக்கொண்டு மணிக்கட்டை மெல்லத் திருப்பிப் பாருங்கள். கோள் புரளப் புரள அதன் அலை நிற்கும் தளமும் மாறுகிறது. கால் சுற்றுத் திருப்பினாலே இரைச்சலுக்கு அடியில் கிடந்த குரல் தெளிவாக மேலே வருவதைக் காண்பீர்கள். ஆண்டெனாவைக் கையில் பிடித்துப் பழகியவருக்கு இந்தச் சூட்சுமம் இரண்டு மூன்று பாஸ்களில், அதாவது கோள் நம் வானத்தைக் கடக்கும் இரண்டு மூன்று தடவைகளில், கைவந்துவிடும். மோட்டார் வைத்துத் திருப்புகிறவருக்கு அது எளிதில் வாய்ப்பதில்லை.

இனி அதிர்வெண்ணின் நகர்வு. பாறசாலை ஸ்டேஷனில் நிற்காமல் போகும் ரயிலின் ஊதல், நெருங்கும்போது உச்ச ஸ்தாயியிலும் விலகும்போது தாழ்ந்த ஸ்தாயியிலும் கேட்கிறதே, அந்த டாப்ளர் விளைவே இங்கும் செயற்படுகிறது. ஐ.ஓ.-86 நம்மிடம் பேசும் அதிர்வெண் 435.880 மெகாஹெர்ட்ஸ்; ஆனால் அது மேற்கே எழும்போது ஏறக்குறைய 9 கிலோஹெர்ட்ஸ் உயர்ந்தும், கிழக்கே மறையும்போது அதே அளவு தாழ்ந்தும் கேட்கும். ஆகவே 435.890, 435.885, 435.880, 435.875, 435.870 என்று ஐந்து எண்களையும் வாக்கிடாக்கியின் நினைவில் வரிசையாகப் பதிந்து வைத்துக்கொண்டு, ஒலி கரகரக்கத் தொடங்கியதும் அடுத்த எண்ணுக்கு இறங்குங்கள். கோள் நெருங்கி வரும் நடுப்பகுதியில் இந்த மாற்றம் வேகமாகவும், தொடக்கத்திலும் முடிவிலும் மெதுவாகவும் நிகழும். நாம் அனுப்பும் 145.880-ஐ மாற்றவேண்டியதில்லை, அங்கே நகர்வு மூன்று கிலோஹெர்ட்ஸ் அளவே ஆனதால் எஃப்.எம். முறையில் அது பொறுத்துக்கொள்ளப்படும். அந்த ஐந்து பதிவுகளிலும் அனுப்பும் பக்கத்தில் 88.5 ஹெர்ட்ஸ் டோனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் எவ்வளவு உரக்கப் பேசினாலும் கோளின் கதவு திறக்காது.

சாத்தியமானால் ஒரு சாதனத்தில் பேசி மற்றொன்றில் கேளுங்கள். மடிக்கணினியில் செருகும் சிறு ஆர்.டி.எல். டாங்கிள் ஒன்று, காதில் ஒரு ஹெட்போன், இவை இருந்தால், நீங்கள் சொன்ன சொல் கோளை அடைந்து திரும்புவதை அதே கணத்தில் கேட்கலாம். தம் குரல் திரும்பி வருவதைக் கேட்காமலே திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறவரால், எஃப்.எம். கோளில் மற்ற அனைவருக்கும் உபத்திரவம் நேர்கிறது. ஏனெனில் அங்கே வலுத்த குரல் ஒன்றே வெளிவரும், மெலிந்தவை அதன் அடியில் நசுங்கிவிடும். பேச்சும் சுருக்கமாக இருக்கட்டும்: உங்கள் அழைப்புக் குறியீடு, எம்.ஜே.88, எதிரில் இருப்பவரின் குறியீடு, ஒலியின் தரம், நன்றி. குடும்ப க்ஷேமம் விசாரிப்பதற்கு இரவுநேரச் சிற்றலை இருக்கிறது.

இங்கே நம் பிரதேசத்துக்கே உரிய ஓர் இடையூற்றைச் சொல்லியாகவேண்டும். ராக்கெட் ஆராய்ச்சிக்குத் தும்பா தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம், பூமியின் காந்த மத்திய ரேகை அதன் அருகே செல்வதுதான். அந்த ரேகையை ஒட்டிய வானில், சூரியன் மறைந்த சில நாழிகையில் அயனி மண்டலம் கொந்தளித்துக் குமிழிடும்; சூரியப் புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளில், அதிலும் பகலும் இரவும் சமமாகும் மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டி, இது உச்சத்தை எட்டும். அப்போது இரவு எட்டு மணிமுதல் நள்ளிரவு வரை, கோள் நல்ல உயரத்தில் இருக்கும்போதே குரல் படபடவென்று நடுங்கி அறுந்து அறுந்து கேட்கும். மற்ற நாட்டுக் கைநூல்களில் இதைக் காணமாட்டீர்கள். சாதனம் கெட்டுவிட்டதென்று அதைப் பிரித்துப் போடவேண்டாம். மறுநாள் காலையில் அதே கோளை அதே ஆண்டெனாவில் கேட்டுப் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள்.

இடியைப் பற்றி அலட்சியம் கூடவே கூடாது. துலாவர்ஷத்து நாட்களில், ஐப்பசி கார்த்திகை மாதங்களில், பிற்பகல் மூன்று மணிக்குமேல் மலைப்பக்கம் கறுத்துவந்தால், கையில் உலோகக் குச்சிகளோடு மாடியில் நிற்பது உயிரோடு விளையாடுவதாகும். எவ்வளவு அரிய பாஸ் ஆனாலும் விட்டுவிட்டுக் கீழே இறங்குங்கள். நிரந்தர ஆண்டெனாவானால் கேபிளைச் சாதனத்திலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள். நூற்றைந்து நிமிஷத்தில் கோள் மறுபடி வரும்.

உரிமம் பெறும் முறை இரண்டாம் அத்தியாயத்தில் விஸ்தாரமாகச் சொல்லப்பட்டது. மத்திய அரசின் தேர்வில் தேறி, அழைப்புக் குறியீடு கைக்கு வந்த பின்னரே பேசும் பொத்தானைத் தொடவேண்டும். பன்னிரண்டு வயது நிறைந்த எவரும் அந்தத் தேர்வை எழுதலாம். அதுவரை உரிமம் பெற்ற ஒருவரின் நிலையத்தில் அருகிருந்து கேட்டுப் பழகுங்கள். வேறொன்றையும் தெளிவாக்கவேண்டும். 2004 டிசம்பர் 26-இன் சுனாமியாலும், 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலாலும் பட்ட புண் ஆறாத கரை இது. ஆகவே, கடலில் போகிறவர்களுக்கு இந்தக் கோள்கள் அபயக்குரலாகுமா என்று புல்லுவிளை, பூவார் பக்கத்தார் கேட்பது நியாயமே. ஆகாது என்பதே நேர்மையான விடை. பதினான்கு நிமிஷம் இருந்து தொண்ணூறு நிமிஷம் மறையும் சாதனத்தை நம்பிப் படகை இறக்கக்கூடாது; உரிமமும் அதற்கானதன்று. சுனாமி நாளில் அந்தமானில் போர்ட் பிளேரில் இருந்த இந்திய ஹாம் குழுவினர் செய்தி அனுப்பியதும் சிற்றலையில்தான். செல்போன் கோபுரம் சாய்ந்த ஊரில் மின்கலத்தோடு தயாராக இருக்கும் ஒரு நிலையமும், அதை இயக்கத் தெரிந்த ஒருவரும் மதிப்பிடற்கரியவர்கள். அந்தப் பழக்கத்தை இந்தக் கோள்கள் தரும், அவ்வளவே.

மற்றக் கோள்கள்

ஐ.ஓ.-86 கைவந்த பின் எஸ்.ஓ.-50-ஐ நாடலாம். சவுதி அரேபியா 2002 டிசம்பரில் அனுப்பிய இது, கால் வாட் சக்தியோடு 436.795-இல் பேசுகிறது, நாம் அனுப்பவேண்டியது 145.850, டோன் 67.0 ஹெர்ட்ஸ். இதற்கொரு பத்து நிமிஷக் கடிகாரம் உண்டு. அது ஓய்ந்திருந்தால், 74.4 ஹெர்ட்ஸ் டோனோடு இரண்டு விநாடி பொத்தானை அழுத்தி எழுப்பவேண்டும். சர்வதேச விண்வெளி நிலையத்தின் அஞ்சல், 145.990-இல் 67.0 டோனோடு அனுப்பினால் 437.800-இல் திரும்பும், அதன் ஒலி மற்றெல்லாவற்றினும் வலுவானதாகையால், கேட்கப் பழகுவதற்கு மிகவும் ஏற்றது.

ஒரே சமயத்தில் பலர் பேசக்கூடிய கோள்களில் ஆர்.எஸ்.-44 இப்போது தலைசிறந்தது. 2019 டிசம்பரில் ரஷ்யாவிலிருந்து ஏறிய அது ஆயிரம் கிலோமீட்டருக்கு வெகு மேலே சுற்றுவதால், ஒரு நல்ல பாஸ் இருபது நிமிஷத்துக்கும் நீளும். 145.935-க்கும் 145.995-க்கும் இடையே கீழ்ப்பக்கப் பட்டையில் அனுப்பினால், 435.610-க்கும் 435.670-க்கும் இடையே மேல்பக்கப் பட்டையில், வரிசை தலைகீழாகி, திரும்பக் கேட்கும். உங்கள் குரல் அக்கோளின் வழிகாட்டி ஒலியைவிட வலுத்துக் கேட்டால் சக்தியைக் குறைத்துவிடுங்கள். கோளின் மின்கலம் அனைவருக்கும் பொது.

1974 நவம்பரில் ஏறி, 1981-இல் மின்கலம் கெட்டு இறந்துவிட்டதாகக் கைவிடப்பட்டு, 2002 ஜூனில் வெயிலின் சக்தியாலேயே மறுபடி பேசத் தொடங்கிய ஏ.ஓ.-7-ஐக் கேட்கவேண்டும் என்ற ஆசை யாருக்கும் எழும். கேளுங்கள், அதற்குத் தடையில்லை. ஆனால் அதன் ஒரு வழி 432 மெகாஹெர்ட்ஸில் அனுப்பச் சொல்கிறது. நம் நாட்டு உரிமம் அந்தப் பகுதியில் 434 முதல் 438 வரையே இடந்தருவதால் அதில் நாம் பேசலாகாது. 145.850 முதல் 145.950 வரை அனுப்பி 29.4 மெகாஹெர்ட்ஸில் கேட்கும் அதன் மற்றொரு வழியே நமக்கு உரியது.

கடைசியாக, அசையாமல் நிற்கும் ஒன்று. கத்தார் நாட்டின் எஸ்ஹெயில்-2 செயற்கைக் கோள் 2018 நவம்பரில் ஏறி, கிழக்கே 26-ஆம் பாகைத் தீர்க்கரேகைக்கு மேல் நிற்கிறது; ஹாம் அன்பர்களுக்கு நிலைத்த கோளொன்றில் இடம் கிடைத்தது அதுவே முதல் முறை. கியூ.ஓ.-100 என்று பெயர் பெற்ற அந்த அஞ்சலின் வட்டத்துக்குள் பிரேசிலின் கிழக்குக் கரைமுதல் தாய்லாந்துவரை அடங்கும். காஞ்சிரங்குளத்திலிருந்து பார்த்தால் அது நேர் மேற்குக்குச் சற்றே தெற்கே, 263 பாகைத் திசையில், கடலுக்கு மேல் 31 பாகை உயரத்தில் நிற்கிறது. நம் வீடுகளில் தூர்தர்ஷன் இலவச டிஷ் தென்கிழக்கே 68 பாகை உயரம் பார்த்துக் கிடப்பதால், கழற்றிவைத்த பழைய டிஷ் ஒன்றை எடுத்து மேற்கே திருப்புகிறவர் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: இந்த டிஷ்களின் முகம் காட்டும் கோணமும் அவை உண்மையில் பார்க்கும் கோணமும் இருபது இருபத்தைந்து பாகை வேறுபடும். 31 பாகைக்கு அமைக்கும்போது டிஷ் ஏறக்குறைய செங்குத்தாக நிற்பதுபோலத் தோன்றும். தவறாக வைத்துவிட்டோமோ என்று ஐயுற்று அதைச் சாய்த்துவிடாதீர்கள். டிஷ்ஷின் முன்னே அலையை வாங்கிக்கொள்ளும் எல்.என்.பி. என்னும் சாதனம் 9,750 மெகாஹெர்ட்ஸ் உள்ளலை கொண்டதாக இருக்க, அதற்கு 13 வோல்ட் கொடுத்தால், கோளின் நடு வழிகாட்டியாகிய 10,489.750 மெகாஹெர்ட்ஸ் 739.75-ஆக இறங்கி வந்து டாங்கிளில் காட்சிதரும். நண்பகல் வெயிலில் எல்.என்.பி. சூடேறும்போது இந்த எண் நகர்ந்துகொண்டே போகும். ஆகையால் மாலையில் வெயில் தணிந்த பின் தேடுவது எளிது. அனுப்பும் பக்கம் 2,400 மெகாஹெர்ட்ஸில் உள்ளது. உங்கள் உரிமத்தின் அட்டவணையில் அந்த அலைவரிசை இருக்கிறதா என்று சரிபார்க்காமல் அதற்கான சாதனத்தில் பணம் போடவேண்டாம். கேட்பதை மட்டும் பதிவேட்டில் குறித்துவாருங்கள். நேரத்தை உலகப் பொது நேரத்தில், அதாவது நம் கடிகாரத்தில் ஐந்தரை மணி கழித்து, எழுதுங்கள்.